வந்தால் கட்டு, வராவிட்டால் விபத்து

என் மகள் நித்யா போன வாரம் அலுவலகத்தில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். பாணேரில் இருக்கிறது அந்த அலுவலகம். மழைநாள். வாசலில் ஈரம் சேர்ந்ததால் 'தரை ஈரம், கவனம்' என்று எழுதிய மஞ்சள் பலகை ஒன்றை நடைவழியில் விரித்து வைத்திருந்தார்கள். இவள் ஈரத்தில் வழுக்கவில்லை. அந்தப் பலகையின் காலில் தடுக்கித்தான் விழுந்தாள்.

மாவுக்கட்டோடு தேஹு ரோடு வீட்டுக்கு வந்து இறங்கியவள் சிரித்தாள்.

"அம்மா, வாட் அன் ஐரனி! விழாதேன்னு போர்டு வெக்கறாங்க, அந்த போர்டே தள்ளி விடுது."

"ஏட்டி, கை முறிஞ்சு வந்து நிக்க. சிரிப்பு வேற வருதாக்கும்?"

நித்யாவுக்கு எதற்கெடுத்தாலும் ஐரனிதான். குடை கொண்டுபோன நாளில் மழை வரவில்லை என்றால் ஐரனி. மூச்சிரைக்க ஸ்டேஷனுக்கு ஓடினால் ரயில் தாமதம் என்பார்கள், அதுவும் ஐரனி. அதெல்லாம் வெறும் துரதிர்ஷ்டம் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். இந்தப் பலகை விஷயத்தில் மட்டும் அவள் சொன்னது சரி.

மறுநாள் காலை அலுவலகக் கார் ஒன்று எங்கள் குடியிருப்புக்கு வந்தது. டிரைவர் ஒரு மடிக்கணினியைக் கொடுத்துவிட்டுப் போனார். நித்யாவுக்கு ஒரே மகிழ்ச்சி.

"பாத்தியாம்மா, எவ்ளோ நைஸ் அவங்க! வீட்லேர்ந்தே லாக்-இன் பண்ணா போதுமாம். லீவு இல்ல, நான் ப்ரெசன்ட்தான்."

நான் அந்த மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எழுந்துபோய் அணைக்க முடியவில்லை. ஒரு மடிக்கணினியைப் பார்த்து அம்மா ஏன் இப்படி வெளிறிப்போகிறாள் என்று நித்யாவுக்கு விளங்கவில்லை. நான் தொழிற்சாலை நர்ஸ் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் இளம் நர்ஸுகளும் இதையெல்லாம் அறிய மாட்டார்கள். "உங்க காலத்துல எப்படி இருந்துது, எழுதுங்க சிஸ்டர்" என்று அவர்கள் கேட்டபோது தட்டிக்கழித்தேன். இப்போது எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் நர்ஸிங் படித்தவள். கல்யாணமாகி, ராணுவத் தளவாடக் கிடங்கில் சிவிலியன் ஊழியரான கணவருடன் மராத்தி பேசும் ஊரான தேஹு ரோடுக்கு வந்தேன். கொஞ்ச காலம் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிஞ்ச்வட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முதலுதவி அறைக்கு நர்ஸ் தேவை என்றார்கள். பகல் வேலை, ரயிலில் போய்வரும் தூரம், நித்யாவைப் பள்ளியிலிருந்து வந்ததும் பார்த்துக்கொள்ளலாம். சேர்ந்துவிட்டேன்.

வாகனங்களுக்குத் தகட்டு உறுப்புகள் அடிக்கும் தொழிற்சாலை அது. பெரிய பெரிய பிரஸ்கள். தகட்டை உள்ளே வைத்ததும் மேலிருந்து இரும்பு இறங்கி வடிவத்தை அச்சாக வெட்டும். வெட்டுவது தகடா விரலா என்று அதற்குத் தெரியாது. வாரம் தவறாமல் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வருவார்கள். "காய் ஜாலா?" என்று கேட்பேன். என்ன ஆயிற்று என்று அர்த்தம். "காஹீ நாஹீ சிஸ்டர்" என்பார்கள், ஒன்றுமில்லை. ரத்தம் சொட்டும்போதும் காஹீ நாஹீதான். அங்கே பேசியதெல்லாம் மராத்தியும் இந்தியும். இங்கே தமிழில் சொல்கிறேன்.

தொழிற்சாலை வாசலில் ஒரு பலகை இருந்தது. பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. விபத்து இல்லாமல் தொடர்ந்து எத்தனை நாள் கடந்திருக்கிறது என்பதைத் தகட்டு எண்களைக் கொக்கியில் மாட்டிக் காட்டும். தினமும் காலையில் ஒன்று கூடும். விபத்து நடந்துவிட்டால் எல்லாத் தகடுகளையும் கழற்றிப் பூஜ்யத்தை மாட்ட வேண்டும். எண் ஒரு குறிப்பிட்ட இலக்கைத் தொட்டால் கம்பெனியில் எல்லாருக்கும், தோட்டக்காரர் உட்பட, ஆளுக்கொரு சோலாப்பூர் போர்வை. மூலையில் 'பாதுகாப்பே முதல்' என்று நெய்திருக்கும்.

நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். அந்த எண்ணைப் பார்த்தால் ஆட்கள் கவனமாக இருப்பார்கள் என்று நினைத்தார்கள். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் எது விபத்து? அதற்கு ஒரு விதி. காயம்பட்டவர் அடுத்த ஷிப்டுக்கு வேலைக்கு வரவில்லை என்றால் அது விபத்து. வந்துவிட்டால் அது வெறும் முதலுதவி. பலகைக்கு அதோடு சம்பந்தமில்லை. பிரஸ் ஷாப்பில் இதைப் பழமொழியாகவே ஆக்கியிருந்தார்கள்: வந்தால் கட்டு, வராவிட்டால் விபத்து.

அந்த விதியின் காவலர் எங்கள் பாதுகாப்பு மேனேஜர். எல்லாரும் அவரை 'சேஃப்டி சாகேப்' என்பார்கள். நான் அவருக்குக் கீழேதான். குரல் உயர்த்தி ஒரு நாளும் பேசமாட்டார். என் அறைக்குள் வரும்போது கதவைத் தட்டிவிட்டு வருவார். முதல் கேள்வி, "சாயா ஆச்சா சிஸ்டர்?" மறுப்பு எதையும் மறுப்பாகச் சொல்லமாட்டார், கடைசியில் "நீங்க புரிஞ்சுப்பீங்க" என்று முடிப்பார். சட்டைப்பையில் மடித்த வெள்ளைக் கைக்குட்டை இருக்கும். தினமும் உள்ளே நுழையும்போது நின்று, வாசல் பலகையில் படிந்த தூசியை அதால் துடைத்துவிட்டுத்தான் போவார். சாமி படம் துடைப்பதுபோல் இருக்கும்.

அவருடைய கண் கழுவும் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரசாயனம் கண்ணில் தெறித்தால் உடனே கழுவுவதற்காக வெளிநாட்டுக் குழாய் ஒன்றை வாங்கிப் பொருத்தினார்கள். தூசி படியக் கூடாது, தணிக்கைக்கு வருகிறவர்களுக்குப் பளபளவென்று இருக்க வேண்டும் என்று அதற்குக் கண்ணாடிக் கூடு போட்டுப் பூட்டினார். சாவி அவர் மேஜை டிராயரில். ஒரு முறை குளிரூட்டும் எண்ணெய் தெறித்து ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவந்தார். சாகேப் சாப்பிடப் போயிருந்த நேரம், சாவி இல்லை. குடிதண்ணீர்ப் பானையிலிருந்து மொண்டு நான்தான் கழுவினேன். மறுநாள் தணிக்கைக்காரர் வந்தார். "பாருங்க, பொருத்தின நாள்லேர்ந்து ஒரு தடவைகூடத் தேவைப்படல" என்று சாகேப் குழாயைக் காட்டினார். பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அவர் அதை உண்மையாகவே நம்பினார்.

என் கணவரின் கிடங்கிலும் இதேபோல் ஒருவர். ஹெல்மெட் போடச் சொல்லிப் போலீஸ் பிடிக்கிறார்கள் என்று ஒன்றை வாங்கி, முழங்கையில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுவார். போலீஸைக் கண்டால் தலைக்கு ஏறும். தாண்டியதும் முழங்கைக்கு இறங்கும். நிகடி திருப்பத்தில் விழுந்தார். தலையில் தையல். முழங்கைக்கு ஒரு சிராய்ப்புக்கூட இல்லை.

இந்த ஐரனியைத் தமிழில் நகைமுரண் என்கிறார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று பலர் அதற்கு உதாரணம் சொல்வார்கள். எனக்குச் சம்மதமில்லை. குரங்காகிவிட்டது என்று தெரிந்தால் பிடித்தவன் வெட்கப்படுவான், மண்ணைப் பிசைந்து மறுபடி பிடிப்பான். வேலியே பயிரை மேய்வதும் இது இல்லை; அது துரோகம். மேய்கிறோம் என்று வேலிக்குத் தெரியும். நான் சொல்வது வேறு. பிடித்தது குரங்கு, ஆனால் பிடித்தவர்கள் அதைப் பிள்ளையார் என்றே நம்பி அருகம்புல் சாத்துகிறார்கள், தோப்புக்கரணம் போடுகிறார்கள். காப்பாற்ற வைத்ததே கெடுக்கிறது. கெடுப்பது சுற்றியிருக்கும் யார் கண்ணுக்கும் படுவதில்லை. வெளியே நிற்கிறவருக்கு மட்டும் தெரிகிறது, அவர் சொன்னால் எடுபடுவதில்லை. அதற்குப் பெயர்தான் ஐரனி. அதில் நகை எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தத்தாவின் கதைக்கு வருகிறேன்.

தத்தா பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். முப்பது வயது இருக்கும். வாய் ஓயாத ஆள். என் மராத்தியைக் கேட்டு, "சிஸ்டர், ஊசியைவிட உங்க மராத்திதான் ரொம்பக் குத்துது" என்பார். ஒரு காலையில் அவருடைய வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் நசுங்கின. தகடு சிக்கியதை எடுக்கக் கை நீட்டியபோது பிரஸ் இறங்கிவிட்டது.

நான் ஸலைன் விட்டுக் கழுவினேன். பஞ்சு ஒட்டாதபடி பாரஃபின் தடவிய துணியை வைத்து, விரல்களுக்கு நடுவே தனித்தனியாகத் துணி கொடுத்துச் சுற்றி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி, கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் கட்டி, மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கே டாக்டர் நல்ல வேலை செய்தார். இரண்டு விரலையும் தைத்துக் காப்பாற்றிவிட்டார். ஒரே கண்டிப்பு: கை உயரமாகவே இருக்க வேண்டும், ஈரமும் அழுக்கும் படக் கூடாது, கட்டாயம் வீட்டில் ஓய்வு.

மறுநாள் விடிந்ததும் கம்பெனி ஜீப் தத்தா வீட்டு வாசலில் நின்றது.

நான் வேலைக்கு வந்தபோது தத்தா என் அறையில் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பலாக இருந்தது. நான் நேரே சாகேப்பிடம் போனேன்.

"சார், அவர் வீட்ல படுத்திருக்கணும்."

"சாயா ஆச்சா சிஸ்டர்? இங்கயும் ஓய்வுதானே எடுக்கறார். அங்க ஒரு நாற்காலி, இங்க ஒரு நாற்காலி. இங்கே நீங்க வேற இருக்கீங்க, நர்ஸ். வீட்டைவிடப் பாதுகாப்பு. நீங்க புரிஞ்சுப்பீங்க."

இலக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. போர்வைகள் லாரியில் வந்து ஸ்டோரில் அடுக்கியாகிவிட்டது. சாகேப் மட்டும் என்றால்கூட நான் சண்டை போட்டிருப்பேன். பிரஸ் ஷாப் ஆட்களே என் அறை வாசலில் வந்து நின்றார்கள். தத்தாவோடு ஒரே பெஞ்சில் டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறவர்கள்.

"என்ன தத்தா, ராஜா மாதிரி நாற்காலி! வேலையில்லாமச் சம்பளம்! எங்களுக்கும் ஒரு விரலை நசுக்கி விடேன்."

"இன்னும் கொஞ்ச நாள்தான் தத்தா, பல்லைக் கடிச்சுக்கோ. என் பொண்டாட்டி போர்வை எங்கேன்னு இப்பவே கேக்கறா."

தத்தாவும் சிரித்தார். "உன் பொண்டாட்டி குளிருக்கு என் விரலா?"

இரண்டாம் நாளே இன்னொரு சிக்கல். முதலுதவி அறையில் உட்கார்ந்திருந்தால் அவர் நோயாளி. 'வேலையில்' இருக்க வேண்டும் என்றால் வேலை நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஆகவே நாற்காலி பிரஸ் ஷாப்புக்குப் போயிற்று. அங்கே எண்ணெய்ப் புகை, இரும்புத்தூள். இடது கையால் வாஷர்களைத் தரம் பிரிக்கும் இலகு வேலை கொடுத்தார்கள். குனிந்து பொறுக்கும்போது வலது கை தொங்கும். காலையும் மாலையும் ஜீப் குழிகளில் துள்ளும். நான் கட்டுப் பிரித்துப் பார்க்கும்போதெல்லாம் கட்டின் மேல் கறுப்பாக எண்ணெய் ஏறியிருக்கும்.

விரலில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நகத்தை அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் உடனே சிவக்க வேண்டும். நடுவிரல் சிவந்தது. மோதிர விரல் தயங்கித் தயங்கிச் சிவந்தது. பிறகு ஒரு நாள் காலை சிவக்கவே இல்லை. வாடை வந்தது. நர்ஸாக இருந்தவர்களுக்கு அந்த வாடையை விவரிக்கத் தேவையில்லை.

அது பாதுகாப்பு வாரம். முற்றத்தில் பந்தல், மேடை, எல்லார் சட்டையிலும் பச்சை பேட்ஜ். தத்தாவின் சட்டையிலும். அவருக்குக் காய்ச்சல் ஏறி நடுங்கினார். யாரோ அன்பாக ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்தியிருந்தார்கள். முந்தைய முறை இலக்கைத் தொட்டபோது கொடுத்தது. மூலையில் 'பாதுகாப்பே முதல்'.

நான் சாகேப்பைக் கையோடு அழைத்துவந்து, அவர் கண் முன்னால் நகத்தை அழுத்திக் காட்டினேன். "பாருங்க சார், வெள்ளையாவே நிக்குது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். "கண்டிப்பா, கண்டிப்பா. சீஃப் கெஸ்ட் பேசி முடிச்சதும் ஜீப் தர்றேன். இப்ப வாசல்ல ஊர்வலம் நிக்குது."

"அவருக்கு விரல் போயிரும் சார்."

"சிஸ்டர், நீங்க புரிஞ்சுப்பீங்கன்னு..."

"இல்ல சார். எனக்குப் புரியல."

தத்தாவை எழுப்பித் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். காவலாளி கேட் பாஸ் கேட்டார். "என் பேரை எழுதிக்கோங்க. நான் வெளியே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். பந்தலில் ஒலிபெருக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தொழிலாளியின் ஒவ்வொரு விரலும் நாட்டின் சொத்து என்று யாரோ முழங்கினார்கள். நான் ரோட்டில் நின்று ஆட்டோ பிடித்தேன்.

மோதிர விரலை எடுத்துவிட்டார்கள். ஒருமுறை தைத்துக் காப்பாற்றிய அதே டாக்டர் எடுத்தார். அவர் என்னைத்தான் திட்டினார். "கூடவே ஒரு நர்ஸ் இருந்தும் இப்படியா?" என்றார்.  

தத்தா மருத்துவமனையில் இருந்த நாட்கள் சொந்த வேலையாக ஊருக்குப் போன விடுப்பு என்றாயின. பலகையில் எண் ஒன்று ஒன்றாகக் கூடிக்கொண்டே போயிற்று. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது: அனுமதியின்றி ஊழியரை வெளியே அழைத்துச் சென்றதற்காக.

தத்தா திரும்பி வந்தார். பிரஸ்ஸில் இனி நிற்க முடியாது. சாகேப் கெட்ட மனிதர் இல்லை, தத்தாவை வேலையை விட்டு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. யோசித்து யோசித்து ஒரு இலகு வேலையைக் கண்டுபிடித்தார். தினமும் காலையில் ஏணியில் ஏறி வாசல் பலகையில் எண்ணை மாற்றும் வேலை.

முதல் நாள் ரயிலிறங்கி நடந்துவந்த நான் வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். தத்தா ஏணி மேல் இருந்தார். விரல் குறைந்த கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் புதுத் தகட்டைக் கொக்கியில் மாட்டினார். சாகேப் கீழே நின்று ஏணியை ஆடாமல் பிடித்திருந்தார். பாதுகாப்புக்காக.

"தத்தா, உங்களுக்கு இது கஷ்டமா இல்லையா?" என்று பிறகு கேட்டேன்.

"எதுக்கு சிஸ்டர் கஷ்டம்? பிரஸ் மாதிரி இது விரல் தின்னாது. நான் ஏறலேன்னா கம்பெனியே அடுத்த நாளுக்குப் போகாது!"

கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அவருக்கு அதில் பெருமை வந்துவிட்டது. தகடு கோணலாகத் தொங்கினால் திரும்ப ஏறிச் சரிசெய்வார். இலக்கைத் தொட்ட அன்று பந்தலுக்கு முன்னால் அவர்தான் ஏறினார். எல்லாரும் கைதட்டினார்கள். இறங்கிவந்து போர்வை வாங்கிக்கொண்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். சாகேப் இரண்டு கையாலும் பணிவாக நீட்டினார். மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அழகாக மடித்து என் அலமாரியில் வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகும் பல ஆண்டு அங்கே இருந்தேன். அந்த விதியை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினேன், பேசினேன். பலகைதான் பெரிதாகி மின்சார எண்ணாக மாறியது. ஆட்குறைப்புக்கு விருப்ப ஓய்வு அறிவித்தபோது முதலில் பெயர் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

அந்த நாற்காலியைத்தான் மடிக்கணினி வந்த காலையில் என் வீட்டுக் கூடத்தில் பார்த்தேன்.

நித்யா தலையணையை மடியில் வைத்து அதன் மேல் மடிக்கணினியை வைத்திருந்தாள். இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அவசரத்தில் அவளையறியாமல் மாவுக்கட்டுப் போட்ட கையும் கீழே இறங்கி, விரல் நுனிகள் பொத்தான்களைத் தேடின. அந்த விரல்கள் வீங்கியிருந்தன.

"கையை மேலே வை நித்யா."

"டூ மினிட்ஸ்மா. இந்த மாசம் எங்க டீம்ல யாருமே லீவு போடல. ஸீரோ லீவு. நான் போட்டா ரெக்கார்டு போயிடும், லோனாவளா ட்ரிப் கேன்சல். எல்லாரும் என்னையே பாத்துட்டு இருக்காங்க."

"யாரு சொன்னா வேலை பாக்கணும்னு?"

"யாரும் ஃபோர்ஸ் பண்ணல அம்மா! நானாத்தான் சொன்னேன். நீ ஏன் இதுக்குப் போய் அழற?"

மஞ்சள் பலகையைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த பிள்ளை. மடியில் இருப்பதைப் பார்க்கத் தெரியவில்லை. அவள் விரல் நுனியை எடுத்து அழுத்தினேன். வெளுத்தது. சிவந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அப்போது அவள் கைபேசி அடித்தது. டீம் லீடர். கோயம்புத்தூர்ப் பையன், வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறான், மரியாதை தெரிந்தவன். நான் எடுத்தேன்.

"ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா? காபி ஆச்சுங்களா? நித்யா கை எப்படிங்க இருக்கு? ஒண்ணும் கட்டாயமே இல்லைங்க. சும்மா லாக்-இன் பண்ணிட்டு உட்கார்ந்திருந்தாப் போதும். வீட்ல ரெஸ்ட் எடுத்த மாதிரியும் ஆச்சு. உங்களுக்குப் புரியும்ங்க."

நித்யா "அம்மா, வேண்டாம், ப்ளீஸ், குடு" என்று இடது கையை நீட்டினாள். நான் மடிக்கணினியை மூடி எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தேன்.

"தம்பி, அவளுக்குக் கை முறிஞ்சிருக்கு. இன்னைக்கு அவ வேலைக்கு வரல. வரலைன்னே போட்டுக்கோங்க."

"ஆன்ட்டி, அப்படிப் போட்டா வந்து..."

"தெரியும் தம்பி. பூஜ்யம் ஆயிரும். ஆகட்டும்."

பூஜ்யம் ஆகட்டும் என்ற அந்த வார்த்தையைத் தத்தாவுக்காகச் சொல்லச் சொல்லி எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

நித்யா என்னிடம் முகம் கொடுத்துப் பேசி ஒரு வாரம் ஆகிறது. சாப்பாட்டுத் தட்டை வாங்கும்போதுகூட அப்பாவைப் பார்த்துத்தான் வாங்குகிறாள். லோனாவளா போகாத கோபத்தில் அவள் தோழிகளும் விசாரிக்க வரவில்லை. பேசாமல் இருக்கட்டும். எலும்பு கூடட்டும்.